யார் தலை, யார் தொப்பி?

தமிழில் 'குல்லா போடுவது' என்றால் ஏமாற்றுவது. ஜெர்மன்காரர்களுக்கும் ஆஸ்திரியாக்காரர்களுக்கும் இந்த அர்த்தம் தெரிய நியாயமில்லை. ஆனால், தங்கள் ஊர்த் தொப்பி விஷயத்தில் அவர்களில் பலர் தங்களுக்குத் தாங்களே ரொம்ப காலமாகப் போட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.

எந்தத் தொப்பி என்கிறீர்களா? பச்சையோ சாம்பலோ, ஃபெல்ட்டில் செய்தது. குட்டை விளிம்பு. சுற்றிலும் முறுக்குக் கயிறு. பக்கத்தில் ஒரு இறகு, அல்லது ஷேவிங் பிரஷ் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும் ஒரு முடிக்கற்றை. பியர் திருவிழா போட்டோக்களில் பார்த்திருப்பீர்கள். ஆல்ப்ஸ் மலைத் தொப்பி. ஊருக்கு ஒரு வகை, பள்ளத்தாக்குக்கு ஒரு உயரம், கயிறுக்கு ஒரு கணக்கு என்று ஏகப்பட்ட தினுசு இருப்பதால், ஸ்டாம்ப் சேகரிப்பது மாதிரி இதைச் சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

மியூனிக்கில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. பழைய சாமான் சந்தைகளில் தேடித் தேடி இதுவரை இருபத்து மூன்று தொப்பிகள் வாங்கியிருக்கிறார். அலமாரியில் இடம் போய்விட்டது என்று வீட்டில் தினமும் சண்டை. வாங்கியதோடு நிற்காமல், ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போகும்போது தலையிலும் வைத்துக்கொள்கிறார். ரயிலில் ஒரு பெரியவர் கேட்டாராம்: "இதெல்லாம் எங்க ஆளுங்க போடறது. உங்களுக்கு எதுக்கு?"

சரி, கிழவர், போகட்டும் என்று விட்டுவிடலாம். அடுத்த வாரமே ஆபீஸில் ஓர் இளம்பெண், படித்தவர், முற்போக்கானவர், அதே கேள்வியை இஸ்திரி போட்டுக் கேட்டிருக்கிறார்: "அடுத்தவங்க கலாசாரத்தை எடுத்து நாம அலங்காரமாப் போட்டுக்கறது தப்பில்லையா?" நண்பர் குழம்பிப்போய் எனக்கு எழுதினார். 'நான் போடலாமா, கூடாதா?'

தாராளமாகப் போடுங்கள். கேள்வி கேட்ட இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்த வாரப் பதில்.

முதலில் பெரியவர். 'எங்க ஆளுங்க' என்றாரே, யார் அந்த ஆளுங்க?

டிரோல் மலைக்காரர்களின் மாவீரன் ஆண்ட்ரியாஸ் ஹோஃபர். 1809-ல் நெப்போலியனையும் அவனோடு கூட்டுச் சேர்ந்திருந்த பவேரியாவையும் எதிர்த்து விவசாயிகளைத் திரட்டிச் சண்டை போட்டவர். 1810-ல் மான்டுவாவில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். நம் கட்டபொம்மன் மாதிரி அங்கே அவர். ஹோஃபரின் படங்களைப் பாருங்கள். தலையில் இருப்பது அகலமான விளிம்பு வைத்த பெரிய கறுப்புத் தொப்பி. இன்று 'டிரோல் தொப்பி' என்று கடையில் கொடுக்கிற குட்டைப் பச்சைத் தொப்பியைக் காட்டினால் மனிதர் யாருடையது என்று கேட்டிருப்பார். அதைவிட வேடிக்கை, அவரை எதிர்த்துப் படை அனுப்பிய பவேரியாவும் இன்று தன்னுடைய பாரம்பரியம் என்று ஏறக்குறைய அதே தொப்பியைத்தான் விற்கிறது.

பிறகு எப்படித்தான் வந்தது? கொஞ்சம் மேடையிலிருந்து வந்தது. ஸில்லர்டால் பள்ளத்தாக்கில் ரைனர் என்றொரு பாட்டுக் குடும்பம். 1820-களில் மலை உடுப்போடு ஐரோப்பாவைச் சுற்றி, லண்டனில் மன்னர் நான்காம் ஜார்ஜ் முன்னால் பாடினார்கள். குடும்பத்தின் அடுத்த செட் 1839-ல் அமெரிக்காவுக்கே கப்பல் ஏறியது. ஊர் ஊராகக் கச்சேரி செய்கிறவர்களுக்கு உடுப்பு என்பது விளம்பர போர்டு. டிக்கெட் வாங்கினவன் எதை எதிர்பார்த்து வந்தானோ, அதைத்தான் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

மீதி, அரண்மனையிலிருந்து வந்தது. ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் தம்பி யோஹான் பிரபு ஸ்டிரியா மலைக்காரர்களின் சாம்பல் கோட்டை மாட்டிக்கொண்டு திரிந்தார். 1829-ல் அவுஸே ஊர் போஸ்ட்மாஸ்டரின் மகளையே கல்யாணமும் செய்துகொண்டார் (தமிழ் சினிமாவுக்கு அருமையான கதை, ஏனோ யார் கண்ணிலும் படவில்லை). பவேரியாவில் 1842-ல் பட்டத்து இளவரசர் கல்யாணத்துக்கு, 35 ஜோடிகளை வட்டார உடுப்பில் ஊர்வலம் விட்டார்கள். ராஜ்யத்தில் ஒற்றுமை வளர வேண்டுமாம். பிற்பாடு ஃப்ரான்ஸ் யோசஃப் சக்கரவர்த்தி கோடை தோறும் பாட் இஷ்லுக்குப் போய் தோல் டிரவுசரும் வேட்டைத் தொப்பியுமாகப் போஸ் கொடுத்தார். அதைப் பார்த்து வியன்னாவின் பணக்காரர்கள் மொத்தமும் அதே தொப்பியை வாங்கியது.

அப்போது அசல் மலை விவசாயி என்ன செய்தான்? டவுன்காரனைப் பார்த்து நீளக் கால்சட்டைக்கு மாறிக்கொண்டிருந்தான்! பைரிஷ்ட்ஸெல் என்ற ஊரில் 1883-ல் யோசஃப் ஃபோகல் என்ற பள்ளி ஆசிரியர், 'ஐயோ, முழங்கால் டிரவுசர் அழிகிறதே' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். பாரம்பரிய உடுப்புச் சங்கங்களின் தாய்ச் சங்கம் அது. ஆரம்ப காலத்தில், முழங்கால் தெரிகிறது என்று பாதிரியார்கள் திட்டினார்கள்.

விட்டுப்போனதைத் தேடிப் பொறுக்கிச் சேர்த்தவர்கள் யார் என்பதுதான் எனக்கு முக்கியம். வியன்னாவின் துணி ஆலை முதலாளி குடும்பத்துப் பிள்ளை கொன்ராட் மௌட்னர். யூதர். அவுஸே பக்கத்தில் ஓர் ஏரிக்கரை கிராமத்துக்குக் கோடைக்கு வந்தவர், அந்த மக்களோடு ஒட்டிக்கொண்டு, அவர்கள் பாட்டுகளைப் படம் போட்டுப் புத்தகமாக்கினார். 'ஸ்டிரிய உடுப்புப் புத்தகம்' என்ற பெரிய ஆவணம், அவர் சேகரித்ததை வைத்து கெராம்ப் என்ற அறிஞர் முடித்தது. இன்று 'அசல் அவுஸே தொப்பி' என்று மார்தட்டுகிறவர்கள் அசலைச் சரிபார்க்க அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். சிக்மண்ட் ஃப்ராய்டும் விடுமுறையில் மலை உடுப்பில்தான் அலைவார். நல்ல காளான் கண்ணில் பட்டால் பட்டாம்பூச்சி பிடிக்கிற மாதிரி தொப்பியால் லபக்கென்று அமுக்குவாராம். ஆல்ப்ஸ் தொப்பிக்கு இவ்வளவு நல்ல உபயோகத்தை வேறு யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

அந்த ஷேவிங் பிரஷ் சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். சேகரிப்பவர்கள் உயிரை விடுவது அதற்காகத்தான். பெயர் 'காம்ஸ்பார்ட்'. நேர் அர்த்தம், காம்ஸ் ஆட்டின் தாடி. காம்ஸ் என்பது ஆல்ப்ஸ் பாறைகளில் தாவும் ஆடு. நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் இது தாடியே இல்லை சார், முதுகு முடி! குளிர்காலத் தொடக்கத்தில் கிடாவின் முதுகுத்தண்டு ஓரமாக மட்டும் நீள முடி வளரும். வேட்டையாடிய கையோடு அதைப் பிடுங்கி, கழுவி, அடியில் இருக்கும் கம்பளி மயிரைச் சீவி எடுத்துவிட்டு, ஒவ்வொரு முடியையும் நீளம் பார்த்துப் பிரிக்க வேண்டும். முடி கறுப்பு, நுனி மட்டும் வெளுப்பு. அந்த வெளுப்புக்கு 'உறைபனி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லா நுனியும் ஒரே கோட்டில் நிற்கும்படி சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, கட்டுகளைச் சேர்த்து வட்டமாக விரித்தால், கறுப்புப் பூவுக்கு வெள்ளைச் சரிகை வைத்த மாதிரி இருக்கும். பெரிய காம்ஸ்பார்ட்டுக்கு ஒரு கிடா போதாது, பல கிடாக்கள் வேண்டும். நல்லதற்கு விலை ஆயிரக்கணக்கான யூரோ. தலையில் இருக்கும் முடிக்கு, வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் விலை! இதற்குப் போட்டியெல்லாம்கூட நடக்கிறது. நடுவர்கள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு உறைபனியின் அகலத்தைப் பரிசோதிப்பார்கள்.

இந்தக் கைவேலையை நான் கிண்டல் செய்யவில்லை. மாதக் கணக்கில் முடி பிரித்து உட்கார்ந்திருப்பவனுக்கு என் மரியாதை உண்டு. எனக்குச் சண்டை, 'இது எங்கள் ரத்தம்' என்கிறவனோடு. அது ரத்தமில்லை ஐயா, ஆட்டு முடி.

ரத்தம் என்று பேச ஆரம்பித்தால் தொப்பிக்கு என்ன ஆகும் என்பதற்கு சரித்திரமே இருக்கிறது. மலைக்காட்டுச் சேவல் ஒன்று உண்டு. வாலிறகு அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். அந்த இறகைத் தொப்பியில் முன்பக்கமாகத் திருப்பிச் செருகினால், 'வர்றியா, ஒரு கை பார்க்கலாம்' என்று அர்த்தம். கள்ளுக்கடைச் சவடால், அவ்வளவுதான். ஆனால், முதல் உலகப்போருக்குப் பிறகு ஆஸ்திரியாவில் முளைத்த வலதுசாரி ஆயுதப் படையான ஹைம்வேர் அதே இறகைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. ஜனங்கள் அவர்களைச் 'சேவல் வால்காரர்கள்' என்றே கூப்பிட்டார்கள். 1934 பிப்ரவரியில் ராணுவமும் போலீஸும் தொழிலாளர் குடியிருப்புகள் மீது பாய்ந்தபோது, கூடவே இந்த இறகும் போனது. இன்னொரு பக்கம், அங்கே தடை செய்யப்பட்டிருந்த நாஜிகள் ஒருவரையொருவர் அடையாளம் காண முழங்கால் வரை வெள்ளைக் காலுறை மாட்டினார்கள். இறகு ஒரு கட்சி, காலுறை ஒரு கட்சி. பாரம்பரிய உடுப்பு என்பது தலை முதல் கால் வரை தேர்தல் சின்னமாகிவிட்டது.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். ஜூன் மாதம் சால்ஸ்பர்க் போலீஸ் ஓர் உத்தரவு போட்டது. யூதர்கள் இனி பொது இடத்தில் மலை உடுப்பு அணியக் கூடாது. தோல் டிரவுசர், டிர்ன்டில் பாவாடை, வெள்ளைக் காலுறை, டிரோல் தொப்பி என்று பட்டியலே உண்டு. மீறினால் அபராதம், அல்லது இரண்டு வாரம் வரை காவல். அந்த உத்தரவில் ஒரு வார்த்தை என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டது. உடுப்பு 'அசலானாலும், போலியானாலும்' தடை. அதாவது, தொப்பி அசலா என்று போலீஸுக்குக் கவலையே இல்லை. தலை அசலா என்பதுதான் கேள்வி.

மியூனிக்கில் யூலியஸ், மோரிட்ஸ் வாலாஹ் என்று இரண்டு சகோதரர்கள். வடக்கே வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து வந்த யூதர்கள். 1900-ல் வட்டார உடுப்புக்கென்றே கடை திறந்தார்கள். 1910-ல் அக்டோபர் திருவிழாவின் நூற்றாண்டு ஊர்வலத்துக்கு உடுப்புக் கொடுத்தது அவர்கள்தான். பண்ணைப் பெண்களின் வேலை உடையான டிர்ன்டிலை நகரத்துப் பெண்கள் ஆசைப்பட்டு வாங்கும்படி செய்ததில் அந்தக் கடைக்குப் பெரிய பங்கு. 1938-ல் கடையைப் பிடுங்கினார்கள். மோரிட்ஸ் அமெரிக்காவுக்குத் தப்பினார். துணி அச்சடிக்கும் ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு சகோதரர் மாக்ஸும் அவர் மனைவியும் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். பவேரியாவுக்கே உடுப்பு மாட்டிவிட்ட குடும்பம்!

வெளியே துரத்தியதோடு விட்டார்களா? இன்ஸ்ப்ரூக் அருங்காட்சியகத்தில் கெர்ட்ரூட் பெஸன்டோர்ஃபர் என்ற அம்மையாரை உட்கார வைத்து, ஜெர்மானிய உடுப்புக்கென்றே அலுவலகம் கொடுத்தார்கள். தேவாலயத்தின் வாடை, ஃபேஷனின் வாடை, யூதர்களின் வாடை எல்லாவற்றையும் நீக்கி உடுப்பைச் 'சுத்தம்' செய்வது அவர் வேலை. மூடியிருந்த கழுத்தைத் திறந்தார், இடுப்பைப் பிடித்தார். போர் முடிந்து ஆட்சி போனது. அம்மையாரின் வெட்டும் தையலும் போகவில்லை. இன்று 'பாட்டி காலத்து மாடல்' என்று தொங்குவதில் எத்தனை அந்த அலுவலகத்தில் வரையப்பட்டது என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். முழிப்பார்.

ஆகவே பெரியவரே, 'உனக்கு எதுக்கு' என்ற கேள்வி உங்கள் ஊரில் ஒரு தடவை சட்டமாகவே இருந்தது. அதைத் திரும்ப ரயிலில் கேட்காதீர்கள்.

இப்போது ஆபீஸ் பெண்மணி. அவர் நல்லெண்ணத்தில் கேட்கிறார், தெரிகிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் இறகுக் கிரீடத்தைப் பார்ட்டியில் மாட்டிக்கொண்டு ஆடுவது அசிங்கம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அந்த மக்களின் சடங்குகளையே அமெரிக்க அரசு குற்றமாக்கி விதி போட்டது 1883-ல். பைரிஷ்ட்ஸெல் ஆசிரியர் சங்கம் ஆரம்பித்த அதே வருடம்! ஒருவனிடமிருந்து பிடுங்கியதைப் பிடுங்கியவனின் பேரன் வேஷமாகப் போடுவது வேறு. ஆல்ப்ஸ் தொப்பியை யார் யாரிடமிருந்து பிடுங்கினார்கள்? இங்கே பிடுங்கப்பட்டவன், தொப்பியை ஆசையாகப் போட்டுக்கொண்ட வெளியாள். இரண்டு கதையையும் ஒரே அச்சில் வார்த்து, 'அவரவர் கலாசாரம் அவரவர்க்கு' என்று வேலி போட்டால், முற்போக்கு அக்காவும் ரயில் தாத்தாவும் வேலியின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். மியூனிக்கில் காமரூன் நாட்டில் பிறந்த இரண்டு சகோதரிகள் ஆப்பிரிக்கத் துணியில் டிர்ன்டில் தைத்துப் பேர் வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் போய் எது யாருடையது என்று எந்த ஸ்கேலை வைத்து அளப்பது?

ஓர் இடத்தில் மட்டும் அக்காவோடு உடன்படுகிறேன். பிளாக் ஃபாரஸ்ட் காடுகளில் 'போலன்ஹூட்' என்றொரு பெண்கள் தொப்பி. வைக்கோல் தொப்பிக்கு வெள்ளை பூசி, மேலே கம்பளி உருண்டைகள் 14 வைத்தது. கண்ணுக்குத் தெரிவது 11. இரண்டு கிலோ வரை கனம். கல்யாணமாகாத பெண்ணுக்குச் சிவப்பு உருண்டை, ஆனவளுக்குக் கறுப்பு. புராட்டஸ்டண்ட் கிராமங்களில், திருச்சபையில் உறுதிப்பூசுதல் ஆன பிறகுதான் பெண் தலையில் ஏறும். அதுவும் குடாஹ், கிர்ன்பாஹ், ரைஹன்பாஹ் என்று மூன்றே மூன்று ஊர்களில்! ஒரு பெண் பெரியவளானதற்குச் சபை சாட்சியாகப் போட்டுக்கொள்வதை, பிளாஸ்டிக்கில் செய்து பியர் குடிக்கும்போது மாட்டிக்கொள்வது எனக்கும் பிடிக்கவில்லை. அதில் யாருடைய ரத்தமும் கெட்டுவிடவில்லை. ஒருத்தர் வீட்டுச் சடங்கைக் கிச்சுகிச்சு மூட்டுவதற்கு உபயோகப்படுத்தாதீர்கள் என்பது சாதாரண மரியாதை.

ஆனால் மூன்று ஊர்த் தொப்பி எப்படி ஒரு காட்டுக்கே முத்திரை ஆயிற்று? கேக் டப்பா முதல் டூரிஸ்ட் நோட்டீஸ் வரை சிவப்பு உருண்டைதான். முதலில் ஓவியர்கள் வரைந்தார்கள். பிறகு 1950-ல் 'ஷ்வார்ட்ஸ்வால்ட்மேடல்', 'பிளாக் ஃபாரஸ்ட் பெண்' என்று கலர் சினிமா வந்து சக்கைப் போடு போட்டது. போரில் இடிந்த ஜெர்மனி, அந்த உருண்டைத் தொப்பியைப் பார்த்துக் கண்ணீர் விட்டது. அந்தப் படத்தின் மூலம் 1917-ல் பெர்லினில் மேடையேறிய ஓர் இசை நாடகம். இசையமைத்தவர் லேயோன் யெஸ்ஸல். பிறப்பால் யூதர். 1941-ல் கெஸ்டபோ பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தது. 1942 ஜனவரியில் செத்துப்போனார். எட்டு வருடம் கழித்து, அவர் மெட்டுகளைக் கேட்டுக்கொண்டே தேசம் தன் பழைய நல்ல நாட்களை நினைத்து உருகியது.

சேகரிக்கிறவர்களிடம் எனக்கு இருக்கும் கோபம் இங்கேதான். அவர்களுக்கு எல்லாம் தெரியும். முயல் முடி ஃபெல்ட்டா, ஆட்டுக் கம்பளி ஃபெல்ட்டா என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வார்கள். கயிறு எத்தனை புரி, இறகு எந்தப் பறவை, காம்ஸ்பார்ட் அசலா, வேறு மிருகத்தின் முடியில் செய்ததா, எல்லாம் அத்துப்படி. 'இந்தத் தொப்பி 1938-ல் யார் தலையில் இருந்தது, யார் தலையிலிருந்து இறக்கப்பட்டது?' என்றால், 'அதெல்லாம் அரசியல், நமக்கு எதுக்கு' என்பார்கள். உறைபனியின் அகலத்தை மில்லிமீட்டரில் அளக்கிறவருக்கு இது மட்டும் எதுக்காம்!

நண்பருக்கு எழுதிய பதிலின் கடைசிப் பாராவை இங்கேயும் தருகிறேன். 'அடுத்த முறை சந்தையில் பழைய தொப்பி கிடைத்தால் இறகைப் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே சுற்றி ஒரு தோல் பட்டை இருக்கும், வியர்வை உறிஞ்சுவதற்கு. அதை மெதுவாக வெளியே திருப்புங்கள். அழிந்தும் அழியாமலும் கடையின் பெயர், ஊர், சில சமயம் தெருவும் இருக்கும். அந்தக் கடையை யார் நடத்தினார்கள், 1938-க்குப் பிறகும் போர்டில் அதே பெயர்தானா என்று பாருங்கள். பெரிய ஊர்களில் பழைய வியாபார டைரக்டரிகள் நூலகத்திலேயே கிடைக்கும். உங்கள் இருபத்து மூன்றையும் முதலில் திருப்பிப் பார்த்துவிட்டு, இருபத்து நாலாவதை வாங்குங்கள். வீட்டிலும் கொஞ்ச நாளைக்குச் சண்டை இருக்காது.'